நீ நின்ற தண்ணீர்

சாமி,

உன் மாமன் பூசை முடிந்து கோயில் வாசலில் ஜிலேபி கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். "அக்கா, நீ ரெண்டா எடுத்துக்க. நம்ம பையனே நமக்கு நிக்கறான், இனி கேஸு எங்க போவுது?" என்றான் என் தம்பி சூசை. எந்தக் கேஸ் என்று நான் கேட்கவில்லை. நம் பங்குக் கோயில் சம்பந்தமாக இருப்பது ஒரே ஒரு வழக்குதான். கல்லறைத் தோட்டத்தை மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று சாதியால் பிரிக்கும் சுவரை இடிக்கக் கேட்டு லூர்துமேரி டீச்சர் உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு. அந்தச் சுவரைக் காப்பாற்ற, மேல்பக்கத்துக் கமிட்டியின் வக்கீலாக நீ நிற்கிறாய் என்பதை என் தம்பி இனிப்போடு சேர்த்துச் சொன்னான். ஜிலேபி கையில் பிசுபிசுத்தது. கொஞ்சம் தள்ளி லூர்து டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒன்று கொடுக்க உன் மாமனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

இதை உனக்கு மட்டும் எழுதித் தபாலில் போட்டிருக்கலாமே, பத்திரிகைக்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்பாய். உன் பதில் மனுவை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதற்குள் உன் அம்மா எட்டாம் வகுப்பில் உனக்குப் பாடமாகச் சொன்ன ஓர் உதாரணம் இருக்கிறது, அதுவும் பாதியாக. பாதி ஊருக்குப் போய்விட்டதால் மீதியும் போக வேண்டியிருக்கிறது. உன் பெயரை நான் போடவில்லை. ஊரையும் சொல்லவில்லை, சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் வழியில் எங்கோ என்பது படிக்கிறவர்களுக்குப் போதும். உன் மாமனுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன். லூர்து டீச்சருக்கும் மாற்றட்டுமா என்று கேட்டேன். "எம் பேரையே போடுங்க டீச்சர். கோர்ட்டுல போட்டாச்சு, இனி புஸ்தகத்துல போட்டா என்ன தேஞ்சா போகுது" என்றார்.

லூர்து டீச்சர் வீட்டை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பாவின் பட்டறையில் பொதுத்தேர்வு நேரத்தில் லாரி பாடி கட்டும் வேலை ராத்திரியும் பகலும் ஓடியது. சுத்தியல் சத்தத்தில் உன்னால் படிக்க முடியவில்லை. லூர்து டீச்சர்தான் வந்து, "பையனை எங்க ஊட்டுக்கு அனுப்புங்க, கணக்கையும் நானே பாத்துக்கறேன்" என்று கூட்டிக்கொண்டு போனார். நானும் அவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். நான் சமூக அறிவியல், அவர் கணக்கு. அவர் கணவர் அந்தோணி சார் உனக்குக் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்தார். நீ வீட்டுக்கு வந்தபோது என் மொச்சைக் குழம்பைக் குறை சொன்னாய், டீச்சர் வீட்டில் இதைவிட நன்றாக இருக்கும் என்று. எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைக்கு இரண்டு வீடு இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் செத்தால் ஒரே இடத்துக்குப் போக முடியாது என்பதை நீ உன் கண்ணாலேயே பார்த்தாய். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கல்லறைத் தோட்டம் மேட்டில் தொடங்கி ஏரிவாய்க்காலை நோக்கிச் சரிகிறது. மேடு எங்கள் ஆட்களுக்கு. சரிவு, நாங்கள் சமமாக நினைக்காத சாதியிலிருந்து அதே ஞானஸ்நானம் பெற்று, அதே பூசையில் அதே அப்பத்தை வாங்கும் மக்களுக்கு. நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வாசல், இரண்டு தனி ரோட்டில். கல்லறைத் திருநாள் அன்று ஃபாதர் மேல்பக்கத்தைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு வெளியே வந்து, ரோட்டைச் சுற்றி நடந்து, கீழ்ப்பக்கத்துக்குப் போவார். காற்றில் என் மெழுகுவர்த்தி அணைந்துவிட்டால் லூர்து டீச்சர் சுவருக்கு மேலாகத் தன் மெழுகுவர்த்தியை நீட்டுவார். நெருப்புக்கு மட்டும் அந்தச் சுவரைத் தாண்ட அனுமதி உண்டு.

உன் அப்பா கமிட்டியில் இருந்த காலத்தில் சுவரை எடுக்கச் சொல்லிப் பார்த்தார், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "எடுக்க வேண்டாம்யா, ஒரு கேட்டாவது வைங்க. பட்டறையில நானே அடிச்சுத் தாரேன்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே போய் அடித்தும் விட்டார்; லாரிக்குப் போடுகிற அதே கெட்டிக் கம்பியில், மேலே ஒரு சிலுவை வைத்து. கமிட்டி வேண்டாம் என்றது. அந்தக் கேட் நம் வீட்டுப் பின்பக்கம் சுவரில் சாய்ந்திருக்கிறது, அவரைக்கொடி ஏறிப் படர்ந்து. சின்ன வயதில் நீ அதில் ஏறி நின்று பஸ் கண்டக்டர் வேலை பார்ப்பாய்.

இப்போது அந்த உதாரணத்துக்கு வருகிறேன். அடிப்படை உரிமைப் பாடம் வந்தால் நான் கரும்பலகையில் ஒரு வீடும் அதன் முன்னால் ஒரு ரோடும் வரைவேன். உன் வீட்டுக்குள் யாரை விடுவது என்பது உன் விருப்பம், ரோட்டில் யார் நடப்பது என்பது உன் விருப்பம் இல்லை என்பேன். பிள்ளைகளுக்கு உடனே புரியும். உன் வகுப்பில் நீ எழுந்து நின்று, "டீச்சர், அப்ப நம்ம கோயிலு வீடா, ரோடா?" என்று கேட்டாய். வகுப்பே சிரித்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் நான் சொன்னேன்: "வீடுதான் சாமி. ஆனா ஞானஸ்நானம் குடுத்து உள்ள கூப்பிட்ட பின்னாடி அது கூப்பிட்டவங்க வீடு மட்டுமில்ல, வந்தவங்க வீடும்தான். வந்தவங்களைத் தாவாரத்துலயே நிறுத்தி வெக்கறதுக்கு எந்த ஊட்டுக்காரருக்கும் உரிமை இல்ல." இடைவேளையில் ஆசிரியர் அறையில் பெருமை தாங்காமல் உன் கேள்வியைச் சொன்னேன். லூர்து டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டே, "இவன் வக்கீலாத்தான் போவான், பாத்துக்கங்க. நமக்கு ஏதாவது ஆச்சுன்னா ஃபீஸ் இல்லாம நிப்பான்" என்றார்.

ஜிலேபி கொடுத்த அன்று சாயங்காலம் அவர் நம் வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது, உனக்குத் தெரியும். சேலம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு பஸ்ஸில் திரும்புகிறார். காபி வேண்டுமா என்றேன். "அரை டம்ளர் போதுங்க. குடிக்கறதுக்குத்தான் தண்ணி இல்லைன்னுட்டாங்க, கீழ்ப்பக்கம் போய்ப் படுக்கறதுக்கு நெறைய இருக்குது" என்று சிரித்தார். பிறகு பையிலிருந்து உன் பதில் மனுவின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் ஒண்ணும் சொல்லலைங்க டீச்சர். நீங்களே படிங்க." நான் படித்து முடிக்கும் வரை அவர் வெளியே போய் அவரைக்கொடியில் காய் பறித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காயை முறத்தில் கொட்டிவிட்டு, "பையன் இங்கிலீஷ் நல்லா எழுதறான்" என்று மட்டும் சொன்னார்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். என் உதாரணத்தில் வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு வீட்டுக்கு வேலி போடும் உரிமை போலத்தான் இந்தச் சுவரும் என்கிறாய். முன்னோர்கள் தங்கள் குடும்பங்களுக்காகக் கொடுத்த நிலம், தனியார் இடம், அதில் யாரை அடக்கம் செய்வது என்பது அந்தந்தக் குடும்பத்தின் விருப்பம் என்கிறாய். தன் மதக் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ள ஒரு மதப் பிரிவுக்கு அரசியலமைப்பின் இருபத்தாறாவது பிரிவு உரிமை தருகிறது என்கிறாய். இவற்றைப் படித்தபோது எனக்கு வலித்தது. ஆனாலும் இதை வாதம் என்று ஏற்றுக்கொண்டிருப்பேன். அதற்குக் கீழே ஒரு வரி வந்தது. கீழ்ப்பக்கத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது, அடக்கம் செய்ய முடியவில்லை என்று மனுதாரர் சொல்வது ஆதாரமற்ற மிகைப்படுத்தல் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

அந்தோணி சார் இறந்தது ஐப்பசி மழையில். நீ கல்லூரியிலிருந்து வந்திருந்தாய். பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் சுமந்தாய்; அந்தப் பக்கம் நம் ஆட்களில் வேறு யாரும் வரவில்லை, நீயும் அப்பாவும்தான். அங்கே நடந்ததை அப்பா பிறகு சொன்னார்: குழி வெட்ட வெட்ட ஊறியது. வாளியில் இறைத்து இறைத்து ஊற்றினார்கள். பெட்டியை இறக்கினால் அது உட்காரவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு மேலே வந்தது. யாரோ கல்லைப் போடச் சொன்னார்கள். லூர்து டீச்சர் கேட்டுக்கொண்டு நிற்கும்போது அப்படிச் சொன்னார்கள். நீ பேண்டை மடித்துவிடக்கூட நில்லாமல் உள்ளே இறங்கி, மண் விழுந்து அமர்கிற வரை இரண்டு கையாலும் அவரை அழுத்திப் பிடித்துக்கொண்டாய். வீட்டுக்கு வந்து நனைந்த துணியோடு வாசற்படியில் உட்கார்ந்தாய். துண்டு கொண்டுவந்த என்னிடம், "அம்மா, பெட்டி மெதக்குதும்மா" என்றாய். நீ நின்ற தண்ணீர் அது, சாமி. புத்தகத்தில் படித்ததில்லை, யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அதனால்தான் உனக்குப் போன் செய்தேன். நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், தப்பு இருந்தால் சொல்.

"வக்கீல் வேலைன்னா என்னன்னு உனக்குத் தெரியாதாம்மா? குத்தம் பண்ணவனுக்கும் வக்கீல் வேணும்னு நீதானே சொல்லித் தந்த" என்றாய்.

"வக்கீல் வேணும்னு சொன்னேன். நீயேதான் போகணும்னு சொல்லலையே."

"மாமா வந்து உக்காந்துட்டாரும்மா. தாய்மாமன் கேட்டு எப்படி முடியாதுங்கறது? நாளைக்கு எம் புள்ள விசேஷத்துக்கு அவரு வந்து முன்னாடி நிக்க வேண்டாமா?"

"லூர்து டீச்சர் நிக்க வேண்டாமா?"

"அவங்க மேல எனக்கு மரியாதை இருக்குதும்மா. இது சட்டப் பிரச்சினை. அடிப்படை உரிமைங்கறது கவர்மெண்டுக்கு எதிராத்தான். தனியார் இடத்துக்குள்ள அது நுழையாது."

"பதினேழாவது பிரிவு?"

"அதுக்குத் தனியா வாதம் வெச்சிருக்கோம்."

"சரி. தண்ணி?"

பின்னால் உன் ஆபீஸில் யாரோ ஜெராக்ஸ் கேட்பது எனக்குக் கேட்டது.

"அது மாமா குடுத்த விவரம்மா. கட்சிக்காரர் சொல்றதத்தானே எழுத முடியும்."

"நீ பாத்ததை என்ன பண்ணுன?"

"சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அப்புறம் இன்னும் வரவில்லை.

ஆகவே உன் வாதங்களுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். சமத்துவம் பற்றிய பதினான்காவது பிரிவு அரசைப் பார்த்துப் பேசுகிறது. அரசு யாருக்கும் சமத்துவத்தை மறுக்கக் கூடாது என்கிறது. அதில் நீ சொல்வது சரி. தீண்டாமை பற்றிய பதினேழாவது பிரிவு அப்படி யாரையும் பார்த்து மட்டும் பேசவில்லை. தீண்டாமையை ஒழித்துவிட்டோம் என்கிறது, எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் தடை என்கிறது. ஏன் அப்படி எழுதினார்கள்? எழுதியவர்களுக்கு ஊர் தெரியும். கிணற்றடியில் குடத்தைத் தட்டிவிட்டது கலெக்டர் இல்லை, பக்கத்துத் தெருக்காரர். டீக்கடையில் தனி டம்ளர் வைத்தது சர்க்கார் இல்லை, கடைக்காரர். அரசின் கையை மட்டும் கட்டிப்போட்டால் இந்த நாட்டில் யாருக்கும் விடுதலை கிடைக்காது என்று தெரிந்துதான், கடையையும் கிணற்றையும் குளத்தையும் ரோட்டையும் பெயர் சொல்லிப் பதினைந்தாவது பிரிவில் சேர்த்தார்கள். இவ்வளவையும் நீ என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாய்.

இருபத்தாறாவது பிரிவை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். எண்ணிக்கையில் சின்னவர்களான நமக்கு அது பெரிய துணை. நாளைக்கு யாரோ வந்து உங்கள் பூசையை இப்படித்தான் வைக்க வேண்டும், உங்கள் சாமியாரை நாங்கள்தான் வைப்போம் என்றால், அந்தப் பிரிவைக் காட்டித்தான் நாம் நிற்க வேண்டும். அதை எழுதும்போதும் பொது ஒழுங்குக்கும் ஒழுக்கநெறிக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு என்றுதான் எழுதினார்கள். மழைக்குப் பிடிக்கக் கொடுத்த குடை அது. அதை மடக்கி, பக்கத்தில் நனைந்துகொண்டு நிற்கிறவரைக் குத்தினால், அடுத்த மழையில் நமக்கே குடை தர யார் முன்வருவார்கள்? நம் ஃபாதரும் இதைத்தான் கமிட்டியிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தார். "சாமி, நீங்க மாத்தலாயிப் போயிருவீங்க. நாங்க இங்கயேதான் கெடக்கோணும்" என்று உன் மாமன் முடித்துவிட்டான்.

உன் வாதத்தில் எனக்குப் பிடித்த இடமும் ஒன்று இருக்கிறது. யாரை அடக்கம் செய்வது என்பது அந்தந்தக் குடும்பத்தின் விருப்பம் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா? அதை இரண்டு மூன்று முறை படித்தேன். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்து இடம் நம் குடும்பத்துடையது, எனக்கென்று விட்டிருப்பது. அது என் வீடு என்று நீயே சொல்லிவிட்டாய். என் வீட்டுக்கு நான் ஒருவரை அழைத்திருக்கிறேன். என் இடத்தில் லூர்துமேரி டீச்சரை அடக்கம் செய்ய வேண்டும் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கூடாது என்றால் அது குடும்பத்தின் இடம் இல்லை, பொது இடம் என்று ஆகிறது. அப்புறம் சுவருக்கு என்ன நியாயம்? கூடும் என்றால் அவர் மேல்பக்கத்தில் வந்து படுப்பார். அப்போதும் சுவருக்கு என்ன நியாயம்? எதைச் சொல்வது என்று உன் கட்சிக்காரர்கள் உன்னைத்தான் கேட்பார்கள்.

லூர்து டீச்சரிடம் இதைச் சொன்னபோது, "ஏனுங்க டீச்சர், உங்க ஊட்டுக்காரர் பக்கத்துல என்னையக் கொண்டுபோய்ப் போட்டா ஊரு சிரிக்காதுங்களா?" என்றார்.

"சிரிக்கட்டும். அவரு ரொம்பப் பேச மாட்டாரு, உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"அப்ப நீங்க?"

"அந்தோணி சார் பக்கத்துல எடம் இருக்குதுல்ல?"

"அவரு வாயாடி. உங்களுக்குத் தூக்கமே வராது" என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பையன்கிட்ட கோவிச்சுக்காதீங்க. மாமனுக்கும் டீச்சருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான், பாவம்" என்றார். உன்னை இன்னமும் பையன் என்றுதான் சொல்கிறார். நான் அவரளவு நல்லவள் இல்லை. நான் கோபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்னியன் ஒருவன் அந்த வரியை எழுதியிருந்தால் பொய் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். நீ எழுதியதால் எனக்கு ராத்திரி ஜெபமாலை பாதியில் நின்றுபோகிறது. அருள்நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தால் உன் ஈரத்துணிதான் கண்ணில் நிற்கிறது.

அடுத்த விசாரணையில் இன்னொரு மனு வரும். வழக்கில் என்னையும் மனுதாரர் பக்கம் சேர்த்துக்கொள்ளக் கேட்டிருக்கிறேன். லூர்து டீச்சருக்கு வாதாடுகிற சேலத்துப் பெண், உன் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள், "உங்க மகனுக்கு எதிராவே கையெழுத்துப் போடப்போறீங்களாம்மா?" என்று பேனாவைக் கொடுக்காமல் கேட்டாள். கொடு என்று வாங்கிப் போட்டேன். சத்தியம் செய்து நான் எழுதியிருப்பது சட்டம் இல்லை. அந்தோணி சார் அடக்கத்தன்று என் மகன் நனைந்து வீட்டுக்கு வந்தான், வாசற்படியில் உட்கார்ந்தான், "அம்மா, பெட்டி மெதக்குதும்மா" என்று சொன்னான். இவ்வளவுதான். இதை மறுத்து நீ ஒரு பதில் போட வேண்டியிருக்கும். போடுவாயா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதும் நிலைமை வந்ததே, அதுதான் நீ எனக்குச் செய்தது.

கல்லறைத் திருநாளுக்குக் குடும்பத்தோடு வருகிறீர்கள் என்று மருமகள் சொன்னாள். வாருங்கள். சோறு எப்போதும் போல இருக்கும், மொச்சைக் குழம்பும் வைப்பேன். அப்பாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. பட்டறையில் அப்பாவிடம் வேலை பழகியவர் வந்து அந்தக் கேட்டைக் கொடியிலிருந்து பிரித்து, துருவைத் தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். அது எங்கே போகும் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

தீர்ப்பு எப்படி வந்தாலும், சுவர் இருந்தாலும் விழுந்தாலும், நான் கீழ்ப்பக்கம்தான் போகிறேன். அதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் மாமன் அந்தப் பக்கம் வரமாட்டான், அவன் ஆட்களும் வரமாட்டார்கள். மழைக்காலமாக இருந்தால் குழி ஊறும், பெட்டி உட்காராது. கல்லைப் போடச் சொல்வார்கள், விடாதே. யாராவது ஒருவர் உள்ளே இறங்கி, மண் அமர்கிற வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். எப்படிப் பிடிப்பது என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா